ராமாபித்திகஸ் நம் மூதாதையா? மாதிரித் தேர்வில் ஒரு மதிப்பெண் போச்சு

வேப்பம்பூ | ஞாயிறு, மாலை 6:40

எல்லாருக்கும் வணக்கம். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நான் போகும் பயிற்சி மையத்தில் வைத்த மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: மனிதப் பரிணாமத்தில் மனிதக் கிளையின் முதல் மூதாதை எது? அ) டிரையோபித்திகஸ், ஆ) ராமாபித்திகஸ், இ) ஆஸ்ட்ரலோபித்திகஸ், ஈ) ஹோமோ எரக்டஸ். நான் இ போட்டேன். விடைக்குறிப்பில் ஆ. ஏன் என்று கேட்டால், "நோட்ஸில் அப்படித்தான் இருக்கு, எழுதிக்கோ" என்று பதில்.

வீட்டில் அப்பாவின் பழைய புத்தகத்தைப் புரட்டினேன். அதில் ராமாபித்திகஸ் நிமிர்ந்து நடக்கிற மாதிரி படமே போட்டிருக்கிறது. இணையத்தில் தேடினால் அது ஒராங்குட்டானுக்குச் சொந்தம் என்கிறார்கள். எது சரி?

இன்னொன்று, கேட்டால் சிரிக்காதீர்கள். மனிதன் குரங்கிலிருந்து வந்தானா, இல்லை மனிதனே ஒரு குரங்குதானா? ரெண்டும் ஒன்று போலத் தெரிகிறது, ஆனால் ஒன்றில்லை என்றும் தோன்றுகிறது.

மின்னல்வரி | மாலை 6:52

தேர்வில் ஆ என்று எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வேலை கிடைத்த பிறகு உண்மையைத் தெரிந்துகொள்ளலாம்.

கல்மரம் | இரவு 8:15

வேப்பம்பூ, அந்த நான்கில் உங்கள் விடைதான் சரிம்மா. மின்னல்வரி சொல்வதைக் கேட்காதீர்கள்.

முதலில் ஒரு ஒப்புதல். நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். 1978இல் நான் பி.எஸ்சி. படித்தபோது எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ராமாபித்திகஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதி, அங்கிருந்து மனிதனுக்கு அம்புக்குறி போட்டார். அப்புறம் நான் வாத்தியாராகி அதே அம்புக்குறியைப் பல வருடம் போட்டிருக்கிறேன். உங்கள் பயிற்சி மையத்து நோட்ஸ் என் மாணவன் எவனாவது எழுதியதாகக்கூட இருக்கலாம்!

கதை இப்படி. இமயமலை அடிவாரத்தில் சிவாலிக் என்று ஒரு குன்று வரிசை. பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. உள்ளே எலும்பும் பல்லும் நிறைய. 1910இலேயே கை பில்கிரிம் என்ற புவியியலாளர் அங்கே கிடைத்த ஒரு வாலில்லாக் குரங்குக்குச் சிவாபித்திகஸ் என்று பெயர் வைத்திருந்தார். 1932இல் யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் லூயிஸ், இன்றைய இமாச்சலத்தின் ஹரிதல்யங்கர் பக்கத்தில் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். 1934இல் அதற்கு ராமாபித்திகஸ் என்று பெயர் வைத்தார். பித்திகஸ் என்றால் கிரேக்கத்தில் குரங்கு. கையோடு பிரம்மாபித்திகஸ், சுக்ரீவாபித்திகஸ் என்றும் இரண்டு பெயர் வைத்தார் மனிதர். அதில் சுக்ரீவன் மட்டும் பொருத்தம்.

அதற்கப்புறம் முப்பது வருடம் போல யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1961இல் எல்வின் சைமன்ஸ் என்பவர் அந்தத் துண்டை மறுபடி எடுத்துப் பார்த்து, இது மனிதக் கிளையில் முதல் ஆள் என்று எழுதினார். கோரைப்பல் சின்னதாக இருந்திருக்க வேண்டும், பல்லின் மேல்பூச்சான எனாமல் தடிமன், பல் வரிசை மனிதனுடையது போல வளைந்து போகிறது என்பவை அவர் தரப்புக் காரணங்கள். டேவிட் பில்பீம் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்தக் காலக் கணக்கில் அதன் வயது 1.4 கோடி ஆண்டு வாக்கில். அப்படியானால் மனிதக் கிளை அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது என்று ஆகிறது. உலகமே ஏற்றுக்கொண்டது. நம் பாடநூல்களுக்குக் கேட்கவா வேண்டும், பெயரிலேயே ராமன் இருக்கிறார்!

இப்போது கவனியுங்கள். கையில் இருந்தது தாடையின் பக்கத் துண்டுகள்தான். நடுப்பகுதி, அதாவது முன்பல் வரும் இடம் கிடையாது. உடைந்த வளையலின் ஒரு சில்லை வைத்துக்கொண்டு முழு வளையலின் சுற்றளவைச் சொல்வது மாதிரி. சில்லைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் வட்டம், நேராக வைத்தால் நீள்வட்டம். அவர்கள் சாய்த்து வைத்தார்கள், மனிதத் தாடை வந்தது. பிற்பாடு முழுசான தாடைகள் கிடைத்தபோது அந்த வளைவு இல்லை.

மீதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

பல்லவன் | இரவு 8:41

பல் டாக்டர் பேசுகிறேன். (பெயர்க் காரணம் அதுதான், ராஜ பரம்பரை இல்லை.)

சார் சொன்னதில் பல் சம்பந்தப்பட்ட பகுதியைக் கொஞ்சம் விரிக்கிறேன். எங்கள் படிப்பில் முதல் வருடமே மெழுகில் பல் செதுக்க வைப்பார்கள். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல் வந்தால் வகுப்பே நடுங்கும், ஏனென்றால் அதற்கு ஐந்து முகடு. கன்னத்துப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் இரண்டு. இடையில் ஓடும் பள்ளம் உண்டிகோல் கவட்டை மாதிரி பிரியும். பாடத்தில் இதற்கு டிரையோபித்திகஸ் வடிவம் என்றே பெயர். தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. 1856இல் பிரான்ஸில் கிடைத்த ஒரு பழைய வாலில்லாக் குரங்கின் பெயர் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கைபேசி டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பாருங்கள், வேப்பம்பூ. உங்கள் வாயிலும் அந்தக் கவட்டை இருக்கும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் எல்லாவற்றுக்கும் இருக்கும். ஆனால் அழகர்கோயில் மலையில் உங்கள் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்கும் குரங்குக்கு இருக்காது. அதன் அதே பல்லில் நான்கே முகடு. இரண்டிரண்டாகச் சேர்ந்து வயலில் இரண்டு வரப்பு போட்டது போல நிற்கும். வாயைத் திறந்து காட்டினாலே யார் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். நாம் வாலில்லாக் குரங்குக் கட்சி.

ராமாபித்திகஸ் விஷயத்தில் சறுக்கல் எங்கே என்றால், எனாமல். நமக்குத் தடித்த எனாமல். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் மெல்லியது. எனவே தடிப்பாக இருந்தால் மனிதச் சொந்தம் என்று நினைத்தார்கள். ஒராங்குட்டானுக்கும் தடிப்புதான்! கடினமானதைக் கடித்து உடைத்துத் தின்கிற எந்தக் கிளையிலும் எனாமல் தடிக்கலாம். கோரைப்பல் சின்னது என்பதற்கும் எளிய விளக்கம் வந்துவிட்டது. பெண் விலங்குக்குப் பெரும்பாலும் கோரைப்பல் சின்னதாகத்தான் இருக்கும்.

கல்மரம் | இரவு 9:30

அதேதான் டாக்டர். இன்றைக்கு ராமாபித்திகஸ் என்று தனி உயிரினமே கிடையாது. அது பில்கிரிம் பெயர் வைத்த சிவாபித்திகஸின் பெண் என்று சேர்த்துவிட்டார்கள். ராமன் சிவனுக்குள் அடக்கம். சைவர்கள் சந்தோஷப்படலாம்.

முடிவு கட்டியது ஒரு முகம். பாகிஸ்தானின் பொட்வார் மேட்டில் சுமார் 80 லட்சம் ஆண்டு பழைய சிவாபித்திகஸ் மண்டையோடு ஒன்று முகத்தோடு கிடைத்தது. 1982இல் அதைப் பற்றி எழுதியவர் வேறு யாருமில்லை, அதே பில்பீம். இரண்டு கண்குழிகளும் நெருக்கமாக, உயரவாக்கில் நீள்வட்டமாக இருந்தன. முகம் உட்குழிந்து இருந்தது. ஒராங்குட்டானைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். தான் பதினைந்து வருடம் தூக்கிப்பிடித்த கருத்தைத் தானே இறக்கி வைத்தார் அவர். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

பைபெட் | இரவு 10:05

சார், நடுவில் ஒரு முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்கள். முகம் கிடைப்பதற்குப் பதினைந்து வருடம் முன்பே ராமாபித்திகஸின் சோலி முடிந்துவிட்டது, யாரும் ஒத்துக்கொள்ளவில்லை அவ்வளவுதான்.

1967இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் என்று இரண்டு பேர். இவர்கள் எலும்பைத் தொடவே இல்லை, ரத்தத்தை எடுத்தார்கள். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் உண்டு. மனித ஆல்புமினை முயலுக்கு ஊசி போட்டால் முயலின் உடம்பு அதற்கு எதிர்ப்புப்பொருள் தயாரிக்கும். அந்த எதிர்ப்புப்பொருளைச் சிம்பன்சியின் ஆல்புமினோடு கலந்து பார்க்க வேண்டும். மனித ஆல்புமினைப் பிடித்த அளவுக்கு இதையும் பலமாகப் பிடித்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பிடி தளரத் தளர, உறவு தூரம். ஆசியா, ஆப்பிரிக்காவின் வாலுள்ள குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து 3 கோடி ஆண்டு என்று ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கணக்குப் போட்டார்கள். மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்தது 50 லட்சம் ஆண்டுக்கு முன்புதான் என்று வந்தது.

1.4 கோடி எங்கே, 50 லட்சம் எங்கே! எலும்புக்காரர்கள் கொதித்துப் போனார்கள். சாரிச் அசரவில்லை. 80 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட எந்தப் புதைபடிவமும், பார்க்க எப்படி இருந்தாலும் சரி, மனிதக் கிளையாக இருக்க முடியாது என்று எழுதினார். இன்று மரபணுவை வைத்துப் போடும் கணக்கு 60, 70 லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. மனிதக் கிளையில் மிகப் பழையது என்று பலர் கருதும் சகேலாந்திரோபஸ் மண்டையோடு 2001இல் சாட் நாட்டில் கிடைத்தது, அதன் வயது சுமார் 70 லட்சம். முயலை வைத்துச் சொன்ன கணக்கு எவ்வளவு கிட்டத்தில் இருந்தது பாருங்கள்.

நானும் ஆய்வகத்தில் குழாயைப் பிடித்து நிற்கிறவன் என்பதால் கொஞ்சம் பெருமை, மன்னிக்கவும்.

நேர்வழி | திங்கள், காலை 7:20

படித்தேன். ஆக, விஞ்ஞானிகள் இருபது வருடம் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள், நாமும் பள்ளியில் அதைப் படித்து எழுதியிருக்கிறோம். இன்று சொல்வது நாளைக்கு மாறாது என்று என்ன உத்தரவாதம்? அதோடு, குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?

மின்னல்வரி | காலை 7:31

வந்துவிட்டதய்யா அந்தக் கேள்வி. காபி போட்டுக்கொண்டு வருகிறேன்.

வடலி | காலை 9:02

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். எங்கட பாடப்புத்தகத்தில் பரிணாமம் என்று இராது, கூர்ப்பு என்றுதான் இருக்கும். ஆகவே சொல் வேறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நேர்வழி அண்ணை, தமிழிலிருந்து தெலுங்கு வந்ததா? இல்லைத்தானே. ரெண்டுக்கும் முன்னால் ஒரு மூலத் திராவிடம் இருந்தது, அதிலிருந்து ரெண்டும் பிரிந்தன. தெலுங்கு இன்னும் இருக்கிறதே, பிறகெப்படித் தமிழ் வந்தது என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. சிம்பன்சியும் நாங்களும் அப்படித்தான். அந்த மூல விலங்கு இண்டைக்கு இல்லை. அது சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. பிரிந்த பிறகு சிம்பன்சியும் சும்மா இருக்கவில்லை, அதுவும் தன்ர வழியில் மாறிக்கொண்டுதான் வந்தது. கொங்கோ ஆற்றுக்குத் தெற்கே அகப்பட்ட கூட்டம் பொனொபோ என்று வேறு இனமாகவே போய்விட்டது.

தமிழ்முதல் | காலை 9:10

தமிழிலிருந்துதான் தெலுங்கு வந்தது!

நெறியாளர் | காலை 9:14

அதற்குத் தனி இழை இருக்கிறது, 43 பக்கம் ஓடியிருக்கிறது. அங்கே போகவும்.

கல்மரம் | காலை 10:20

வடலி அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. நேர்வழியின் முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். மாறியது ஒரு புதைபடிவத்தின் இருப்பிடம். மனிதக் கிளையில் மாட்டியிருந்ததைக் கழற்றி ஒராங்குட்டான் கிளையில் மாட்டினார்கள். மரத்தை யாரும் வெட்டவில்லை. சொல்லப்போனால், பல்லைப் பார்த்தவர்கள் தவறிய இடத்தை ரத்தத்தைப் பார்த்தவர்கள் பிடித்தார்கள். ரத்தத்தை நம்பாதவர்களுக்கு முகம் வந்து சாட்சி சொன்னது. ரத்தமும் முகமும் வெவ்வேறு வழி, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. இதற்கு மேல் உத்தரவாதம் வேண்டுமென்றால் நிலப் பத்திரத்துக்கே கிடைக்காது.

நேர்வழி | காலை 11:45

சரி, ஒரே மரம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நான் கல்லூரியில் படித்தது: சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் சேர்ந்து பாங்கிடே குடும்பம், மனிதன் மட்டும் ஹோமினிடே என்று தனிக் குடும்பம். சொந்தம் இருக்கலாம், குடும்பம் வேறு. மனிதனும் ஒரு வாலில்லாக் குரங்கு என்று நீங்கள் எல்லாரும் சொல்வது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

மின்னல்வரி | பகல் 12:10

தனி ரேஷன் கார்டு வாங்கிவிட்டால் அண்ணன் தம்பி இல்லை என்று ஆகிவிடுமா, நேர்வழி?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் வட்ட வழங்கல் அலுவலக வரிசையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன். வீட்டில் நான்கு பிள்ளைகள்: ஒராங்குட்டான் மூத்தவர், முதலில் பிரிந்து ஆசியாவில் குடியேறிவிட்டார். அடுத்துப் பிரிந்தது கொரில்லா. கடைசி வரை ஒரே பாயில் படுத்தவை சிம்பன்சியும் நாமும். பழைய கார்டில் என்ன செய்தார்கள்? மற்ற மூவரையும் ஒரே கார்டில் போட்டு, நமக்கு மட்டும் தனிக் கார்டு. அதாவது சிம்பன்சியை, கூடப் படுத்த நம்மை விட்டுவிட்டு, எப்போதோ பிரிந்துபோன மூத்தவரோடு சேர்த்திருக்கிறார்கள். எந்த அதிகாரி இதில் கையெழுத்துப் போடுவார்?

பைபெட் | பகல் 12:38

மின்னல்வரி, இதைவிட நன்றாக நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. அந்தப் பாங்கிடே கார்டைத்தான் இப்போது ரத்து செய்துவிட்டார்கள். நான்கு கிளையும் ஹோமினிடேயில்தான்.

ஒரு சின்னத் திருத்தம். பங்கு பிரித்தது அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. 2012இல் கொரில்லாவின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, சுமார் 30 சதவீத இடங்களில் கொரில்லா மனிதனுக்கோ சிம்பன்சிக்கோ நெருக்கமாக இருந்தது, அவை இரண்டும் ஒன்றுக்கொன்று இருப்பதைவிட. பிரிவுகள் அடுத்தடுத்து நடந்ததால் பாட்டியின் பண்டங்கள் தாறுமாறாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் சிம்பன்சிதான் நெருக்கம், அதில் சந்தேகமில்லை.

மனிதனும் சிம்பன்சியும் 99 சதவீதம் ஒன்று என்று எல்லாரும் சொல்லும் கணக்குக்கும் ஒரு எச்சரிக்கை. 2005இல் சிம்பன்சியின் மரபணுத் தொகுதி வந்தபோது டிஎன்ஏவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டதில் 1.23 சதவீதம் வேறுபாடு. ஆனால் எழுத்துகள் முழுசாக விடுபட்ட, புதிதாக நுழைந்த இடங்களையும் சேர்த்தால் வேறுபாடு கூடும். எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் சொல்வது விளம்பரக்காரர் வேலை.

வடலி | பகல் 1:15

நிறமூர்த்தக் கதையை ஒருத்தரும் சொல்லவில்லையே? (உங்கட பக்கம் குரோமோசோம்.) சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 48. எங்களுக்கு 46. ரெண்டு எங்கே போனது? தொலையவில்லை. ரெண்டு நிறமூர்த்தம் நுனியோடு நுனி ஒட்டி எங்கட இரண்டாம் நிறமூர்த்தம் ஆகிவிட்டது. வழக்கமாக நுனியில் மட்டும் இருக்கவேண்டிய ஒரு திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்கோவை, அதன் நடுவில் எதிரெதிராக முட்டிக்கொண்டு நிற்பதை 1991இல் காட்டினார்கள். ரெண்டு கயிற்றை முடிச்சுப் போட்டால் முடிச்சு தெரியும்தானே, அது மாதிரி.

வேப்பம்பூ | மாலை 5:50

வகுப்பு முடிந்து இப்போதுதான் வந்தேன். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், நன்றி! ரேஷன் கார்டை வகுப்பில் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள், சார் சிரிக்கவில்லை.

ஒரு சந்தேகம். நீங்கள் எல்லாரும் "வாலில்லாக் குரங்கு" என்று சொல்கிறீர்கள். புத்தகத்தில் மனிதக் குரங்கு என்றும் வருகிறது. கோயில் குரங்கும் குரங்குதான். இதனால்தான் குழப்பமோ?

கல்மரம் | மாலை 6:30

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நம் மொழியில் குரங்குக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றைச் சொல்லி, மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்கிறது. ஆணுக்குக் கடுவன். இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் கருமந்தி, சோலைமந்தி என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே வாலுள்ளவை. இந்தியாவிலேயே காட்டில் வாழும் வாலில்லாக் குரங்கு என்றால் வடகிழக்கில், அசாம் பக்கம் இருக்கும் ஹூலக் கிப்பன்தான். தமிழன் பார்க்காத விலங்குக்குத் தமிழில் சொல் எப்படிப் பிறக்கும்? அப்புறம் சிம்பன்சி, கொரில்லா பற்றிக் கேள்விப்பட்டபோது இருக்கிற சொல்லை நீட்டி ஒட்டினோம். மனிதக் குரங்கு என்ற சொல் எனக்குப் பிடிக்காது. பாதி மனிதன் பாதி குரங்கு என்று ஏதோ நரசிம்மம் மாதிரி கேட்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். கோயில் குரங்கிலிருந்து நாம் வரவில்லை. அதுவும் நாமும் ஒரு பழைய மூலத்திலிருந்து இரண்டரை, மூன்று கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தோம். வாலில்லாக் குரங்குகளைப் பொறுத்தவரை, நாம் அவற்றிலிருந்து வந்தவர்கள் மட்டுமல்ல, இன்றும் அவற்றில் ஒருவர்.

மின்னல்வரி | மாலை 6:41

வால் எங்கே போனது என்று யாராவது சொல்லுங்களேன்.

பைபெட் | மாலை 7:00

டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவுக்குள் ஒரு துண்டு டிஎன்ஏ வந்து உட்கார்ந்துகொண்டது. சுமார் 2.5 கோடி ஆண்டுக்கு முன், வாலில்லாக் குரங்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதையிடம். அதன் விளைவைச் சுண்டெலியில் உண்டாக்கிப் பார்த்தார்கள், வால் குட்டையானது, சிலவற்றுக்கு இல்லாமலே போனது. 2024இல் வெளிவந்த ஆய்வு. மிச்சத்தை நீங்கள் நாற்காலியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கடவூரான் | மாலை 7:25

எல்லாரும் சிம்பன்சியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். எங்கள் ஊர்த் தேவாங்கும் பிரைமேட்தான் (குரங்கும் மனிதனும் அடங்கிய வரிசை) ஐயா! கரூர், திண்டுக்கல் மாவட்டத்தில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022இல் தேவாங்குச் சரணாலயம் ஆக்கியிருக்கிறார்கள், நாட்டிலேயே முதல். ராத்திரி வேலி ஓரம் டார்ச் அடித்தால் ரெண்டு கண் சிவப்பாகத் தெரியும், மெதுவாகக் கிளை மாறும். ஒல்லியாக இருக்கிறவனைத் தேவாங்கு என்று திட்டுவார்கள், திட்டப்பட்டவன் நான்.

பைபெட் | மாலை 7:44

திட்டினால் பெருமைப்படுங்கள். தேவாங்கு, லீமர் கூட்டம் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நமக்கும் சிம்பன்சிக்கும் கோயில் குரங்குக்கும் அந்த மரபணு உடம்பில் இருக்கிறது, ஆனால் பழுது. நமக்கும் சிம்பன்சிக்கும் பழுதான இடங்கள் பலவும் ஒன்றே. பரீட்சையில் ரெண்டு பேர் ஒரே தப்பை ஒரே வரியில் எழுதியிருந்தால் வாத்தியார் என்ன நினைப்பார்? அதனால்தான் நமக்கு நெல்லிக்காய் தேவை, தேவாங்குக்குத் தேவையில்லை.

தமிழ்முதல் | இரவு 8:05

அதிரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டு பழைய கற்கருவி கிடைத்திருக்கிறது. அப்படியானால் முதல் மனிதன் தமிழன்தானே? ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கா என்கிறீர்களே.

கல்மரம் | இரவு 8:50

கருவி உண்மை, 2011இல் வெளியான காலக்கணிப்பும் உண்மை. திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது. ஒரு தடவை போய்விட்டு வந்திருக்கிறேன், வெயில் கொன்றுவிட்டது. ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியை எடுத்தது 1863 மே மாதம். அதே ஆண்டுதான் தாமஸ் ஹக்ஸ்லி மனிதனையும் கொரில்லாவையும் எலும்பு எலும்பாக ஒப்பிட்டு எழுதினார். அந்த வருடத்தில் ஏதோ இருந்திருக்கிறது.

ஆனால் அதைச் செய்தவர்கள் யார் என்று சொல்ல அங்கே ஒரு மனித எலும்பும் கிடைக்கவில்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டு. 15 லட்சம் ஆண்டுக்கு முன் கல் உடைத்தவர் தமிழரும் இல்லை, நாமும் இல்லை. நமக்கு முந்தைய வேறொரு மனித இனம். எத்தியோப்பியாவில் 26 லட்சம் ஆண்டுக் கருவிகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடலி | இரவு 9:20

எங்கட பக்கமும் ஒன்று சொல்ல இருக்கு. களுத்துறை மாவட்டத்தில் பாஹியன் குகை. 45,000 ஆண்டுக்கும் முன்னமே அங்கே இருந்தவர்கள் எங்கட இனம்தான், சேப்பியன்ஸ். அவர்கள் அதிகம் வேட்டையாடியது குரங்கும் மந்தியும் மர அணிலும். குரங்கெலும்பிலேயே கூர் சீவி ஆயுதம் செய்திருக்கிறார்கள். மரத்துக்கு மரம் தாவுகிறதை அடிக்கிறது லேசில்லை, அதற்கு வில் போல ஒன்று வேண்டும். சொந்தக்காரனைச் சாப்பிட்டிருக்கிறம் என்று நினைக்க ஒரு மாதிரித்தான் இருக்கு.

நேர்வழி | இரவு 9:55

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு விலகிக்கொள்கிறேன். பல், ரத்தம், மரபணு எல்லாம் சரி. ஆனால் பேச்சு? கணக்கு? கோயில்? இதையெல்லாம் எந்தக் கார்டில் சேர்ப்பீர்கள்?

கல்மரம் | இரவு 10:30

விலக வேண்டாம், நல்ல கேள்வி. வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். சிம்பன்சியின் மூளை 400 கன செ.மீ. அளவு, நமக்கு 1350 வாக்கில். ஆனால் அது எந்த வரிசையில் வந்தது என்று பாருங்கள். மூளை முதலில் பெருத்தது, அதன் பிறகு மற்றது என்றுதான் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1974இல் எத்தியோப்பியாவில் லூசி என்று பெயர் வைத்த ஆஸ்ட்ரலோபித்திகஸ் கிடைத்தாள். 32 லட்சம் ஆண்டு. இடுப்பையும் முழங்காலையும் பார்த்தால் இரண்டு காலில் நடந்தவள். மண்டையோ சிம்பன்சி அளவு. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்கள் இன்னும் பழையவை, 36 லட்சத்துக்கு மேல். பேச்சுக்கும் கணக்குக்கும் வெகு முன்பே நடை வந்துவிட்டது. மற்றதெல்லாம் அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

அதோடு, சிம்பன்சி புல்லைச் சீவிக் கறையான் புற்றுக்குள் விட்டுத் தின்பதை 1960இல் ஜேன் குடால் பார்த்த பிறகு, கருவி செய்கிறவன் மனிதன் என்ற வரையறை நிற்கவில்லை. கோயில் கட்டுகிற சிம்பன்சியை யாரும் பார்த்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். தனிக் கார்டு இல்லை, ஆனால் நம் அறையில் சாமான் அதிகம்.

நேர்வழி | இரவு 10:42

சாமான் அதிகம் என்பது ஏற்புடையது. நான் முழுசாக மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பாங்கிடேயை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

வேப்பம்பூ | செவ்வாய், மாலை 6:15

இன்று விடைக்குறிப்பைப் பற்றி மறுபடி கேட்டேன். 1982 மண்டையோடு கதையைச் சொன்னேன். சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ சொல்றது சரியா இருக்கலாம், ஆனா அடுத்த பேட்ச் நோட்ஸ் அச்சடிச்சாச்சு" என்றார். மதிப்பெண் வரவில்லை. உண்மைத் தேர்வில் இப்படி வந்தால் என்ன செய்ய?

கல்மரம் | மாலை 6:40

இ போடுங்கள். உத்தேச விடைக்குறிப்பு வெளியிட்டதும் ஆட்சேபம் தெரிவிக்க சில நாள் அவகாசம் தருவார்கள். ஆதாரத்தோடு எழுதுங்கள், நானும் எழுதித் தருகிறேன். அந்த அம்புக்குறிக்கு நான் பரிகாரம் செய்ய வேண்டாமா?

பல்லவன் | மாலை 7:02

கண்ணாடியில் பல்லைப் பார்த்தீர்களா?

வேப்பம்பூ | மாலை 7:10

பார்த்தேன் டாக்டர். அந்தப் பல்லில் எனக்கு ரெண்டு பக்கமும் சொத்தை அடைத்திருக்கிறது, முகடும் இல்லை பள்ளமும் இல்லை, ஒரே சிமெண்ட். தம்பியைப் பிடித்து வாயைத் திறக்க வைத்தேன். ஐந்து முகடு, நடுவில் கவட்டை, தெளிவாக இருந்தது. படம் எடுப்பதற்குள் கடித்துவிட்டான்.